பட்டியலில் ஒன்பதாவது பெயர்

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய பெயரை நான் சபையில் வாசித்தேன். ஏழு முறையும் சபையார் ஆமென் சொன்னார்கள். அந்த ஏழு வாரமும் அவர் டயர் கடைக்கு மேலுள்ள ஓர் அறையில் கால் முறிந்து தனியாகப் படுத்திருந்தார். ஆலயத்திலிருந்து அந்த அறைக்கு நடந்தே போகலாம். பன்னிரண்டு நிமிடம் ஆகும். பிறகு நடந்து பார்த்ததால் தெரியும்.

எல்லாரும் அவரை டிப்போ அக்கா என்றுதான் சொல்வோம். பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவும் வேலை. வெளிப்புறத்தைக் குழாய் கழுவிவிடும், உட்புறத்துக்கு மனிதக் கைதான் வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் காய்ந்து ஒட்டிய வாந்தி, ஜன்னல் இடுக்கில் திணித்துவைத்த பயணச்சீட்டுகள், கைப்பிடிக் கம்பிகளில் படிந்த அழுக்கு. ஒரு பேருந்துக்கு நாற்பது நிமிடம் என்று கணக்கு. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தவர். கணவர் போன பிறகு, பிள்ளைகள் இல்லாத நிலையில், ஒருநாள் எங்கள் சபைக்கு வந்தார். கதவை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டீசலும் சோப்புத்தூளும் கலந்த ஒரு வாடை அவரோடு வரும். அந்த வரிசையில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் இடம் இருக்கும்.

நான் சபையின் செயலர். கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதால் லைப்ரரி சார் என்பார்கள். ஆராதனையின் முடிவில் அறிவிப்புகள் வாசிப்பது என் பொறுப்பு. அதில் கடைசிப் பகுதி ஜெபக்குறிப்புகள். நோயில் இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், ஒருவர் பின் ஒருவராகப் பெயரும் தெருவும். "இவர்களை நம்முடைய ஜெபங்களில் நினைவுகூருவோம்" என்று முடிப்பேன். பதினோரு வருடமாக வாசிக்கிறேன். வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆராதனை முடிந்ததும் பின்கூடத்தில் தேநீரும் பிஸ்கட்டும். அதற்கு ஐக்கிய நேரம் என்று பெயர் வைத்திருந்தோம். டிப்போ அக்கா அதற்கு நின்றதே இல்லை. நான் கடைசிப் பெயரை வாசித்து முடிக்கும்போது அவர் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

"பஸ் பிடிக்கப் போறாங்கபோல," என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள்.

"பஸ்ஸைக் கழுவப் போறாங்க," என்றேன் நான். சிரித்தார்கள். கோப்பையை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அவர் முழு உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தபோது, வழக்கப்படி விசாரணைக் குறிப்பு நான்தான் எழுதினேன். "ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறார். ஆனால் சபையின் ஐக்கியத்தில் பங்கெடுப்பதில் ஆர்வம் குறைவு. அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்." அடுத்த ஆண்டும் அதே வரியைப் பார்த்து எழுதினேன். அந்த வாரம்தான் மாதக் கூட்டத்தில் பிறரை நேசிப்பது உணர்ச்சியா, கடமையா என்று நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று முடித்தேன். அதற்கும் பாராட்டு கிடைத்தது.

பேருந்தின் படியிலிருந்து இறங்கும்போது சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது என்று பணிமனை மேற்பார்வையாளர் போதகருக்கு போன் செய்தார். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். போதகர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பட்டியலில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒன்பதாவதாகச் சேர்த்தேன். பெயர், அடுத்து "டயர் கடை மாடி".

யாரும் போகாததற்கு யாரும் காரணம் இல்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதகர், மாதர் சங்கம் போயிருக்கும் என்று நினைத்தார். மாதர் சங்கம் உறுப்பினர்களின் வீட்டுக்குத்தான் போகும். அக்கா உறுப்பினர் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பதிவேட்டில் நான்தான் எழுதியிருந்தேன். நான், போதகர் போயிருப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கவே இல்லை. பெயரை வாசித்தவுடன் ஏதோ ஒன்றைச் செய்துமுடித்த திருப்தி வந்துவிடும். அதற்குப் பிறகு நினைக்க என்ன இருக்கிறது.

எட்டாவது வாரம், திங்கட்கிழமை, நூலகத்துக்கு ஒரு போன். பட்டியலில் முதல் பெயர் ஒரு தையல்காரருடையது. ஆறு வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில் இருப்பவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். பேசியது அவருடைய மருமகள்.

"சார், அந்த அக்கா ஏன் வர்றதில்ல? ரெண்டு மாசமாச்சு. மாமாவுக்குக் கால் நகம் வளர்ந்து, ஒரு காலால இன்னொரு காலைக் கீறி ரத்தம் வந்துடுச்சு. எங்களை வெட்ட விடமாட்டேங்கிறார். அவங்க வந்தாத்தான் காலை நீட்டுவாராம்."

"எந்த அக்கா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே அனுப்புறீங்க?"

அன்று மாலை அந்த வீட்டுக்குப் போனேன். ஆறு வருடத்துக்கும் மேலாக நான் வாசித்த தெருவுக்கு எப்படிப் போவதென்று இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருந்தது. தையல்காரர் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் நாக்கில் கூர்மை குறையவில்லை. நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் கையைத் தூக்கினார்.

"இருங்க, இருங்க. அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்க."

"எந்த வரி?"

"நினைவுகூருவோ...ம். அந்த இழுவை. அவ அப்படியே சொல்லிக் காட்டுவா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவா, சுடுதண்ணியில என் காலை ஊறப் போடுவா, ஊறுற வரைக்கும் உங்களை மாதிரி பட்டியல் வாசிப்பா. மொதப் பேரு என்னோடது. எனக்குப் பெருமையா இருக்கும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன். சட்டையில எடதுதோள் ஒரு விரல் எறங்கியிருக்கு. யார் தச்சது?"

கடையில் வாங்கியது என்றேன்.

"அதான். சரி, அவ எங்க?"

கால் முறிந்து படுத்திருக்கிறார் என்றேன். ஏழு வாரமாக அவருக்காக ஜெபிக்கிறோம் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் வாயில் கசந்தது.

"யார் போய்ப் பாத்துக்கிறாங்க?"

சமையலறையில் மருமகளின் பாத்திரச் சத்தம் நின்றது.

"சார்," என்றார் தையல்காரர், "உங்க ஜெபமெல்லாம் நல்ல ஜெபந்தான். நான் குத்தம் சொல்லல. ஆனா அது கால்நகம் வெட்ட மாட்டேங்குது பாருங்க."

அவர் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. அக்கா அவரிடம் மட்டும் வரவில்லை. பட்டியலில் இருந்த எட்டு வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார். ஞாயிறு மதியம் மூன்று வீடு, மற்றவை வாரத்தில் வேலை முடிந்து. நகம் வெட்டுவது, தலை அலசுவது, படுக்கை விரிப்பை மாற்றுவது. ஆறு வருடமாக. அந்த எட்டு வீட்டாரும் சபைதான் ஆள் அனுப்புகிறது என்று நம்பியிருந்தார்கள். இரண்டு வீட்டிலிருந்து நன்றிக் கடிதம்கூட வந்திருக்கிறது. சபை காட்டும் அன்புக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அதை நான் ஆண்டறிக்கையில் சேர்த்து வாசித்திருக்கிறேன். அப்போதும் எந்த அன்பு என்று கேட்கத் தோன்றவில்லை. வருகிற நன்றி நமக்கு உரியதுதான் என்று எடுத்துக்கொள்ள மனிதனுக்கு யோசனையே தேவைப்படுவதில்லை.

அங்கிருந்து நேராக டயர் கடைக்குப் போனேன். பக்கவாட்டில் இரும்புப் படிகள், பதினான்கு. மேலே ஒரே அறை. கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளியதும் திறந்தது. ரப்பர் எரியும் வாடை அறை முழுவதும் இருந்தது. கட்டிலில் அக்கா, மாவுக்கட்டுப் போட்ட கால் இரண்டு தலையணைமேல். தலைமுடி சிக்காகித் திரண்டிருந்தது. எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடமும், மூடிவைத்த ஒரு தட்டும், ஒரு வாளியும். சுவரில் ஆணியில் அந்தப் பை.

"வாங்க சார்," என்றார், நேற்றுத்தான் பார்த்ததுபோல. "நாற்காலியில துணி இருக்கு, எடுத்துப் போட்டுட்டு உக்காருங்க."

பக்கத்து வீட்டு இஸ்திரிக்கார அம்மா காலையும் மாலையும் வந்து தண்ணீரும் சாப்பாடும் வைத்துவிட்டு வாளியை எடுத்துப்போவாராம். அந்த அம்மா எங்கள் சபையும் இல்லை, எந்தச் சபையும் இல்லை.

"கதவு தாழ் போடலியே?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தம்மா கிட்ட சொல்லித் தெறந்து வெப்பேன். இன்னிக்கு வெளித்தாழ் போட மறந்துட்டாங்கபோல." கொஞ்சம் நிறுத்தி, "பேர் வாசிப்பீங்கல்ல, அதான்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பணிமனையில் ஷிப்ட் தொடங்கும்போது மேற்பார்வையாளர் பேருந்து எண்களை வாசிப்பார். எண்ணும் ஆள் பெயரும் சேர்த்து வாசித்தால் அந்த ஆள் போக வேண்டும். ஆள் பெயர் இல்லாமல் வெறும் எண்ணை வாசித்தால், காதில் விழுந்த யாராவது போக வேண்டும். கழுவாத வண்டி வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். சபைக்கு வந்த முதல் ஞாயிறு நான் பெயரும் தெருவும் வாசித்ததைக் கேட்டிருக்கிறார். யார் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆகவே கேட்டவர்கள் போக வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

"மொத வாரம் தையல்காரர் வீட்டுக்கு மட்டுந்தான் போனேன் சார். மத்த வீட்டுக்கெல்லாம் மத்தவங்க போயிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டாவது பேருக்குப் போனேன். யாரும் வரலன்னாங்க. மூணாவதுக்கும் போய்ப் பாத்தேன்."

"அப்பவே தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுது. சபையில பேர் வாசிக்கிறது வேலை சொல்றதுக்கு இல்லன்னு தெரிஞ்சுது."

"எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல அக்கா?"

அவர் என்னைப் பார்க்காமல் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார். "எப்படி சார் சொல்றது? உங்களுக்கெல்லாம் கூச்சமா இருக்காதா?"

ஆறு வருடம் அவர் எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

"எனக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு தெரியும்," என்றார். "ஆனாலும் பேர் வாசிச்சிருப்பாங்களேன்னு நெனச்சா, தாழ் போடச் சொல்ல மனசு வரல."

நான் பதிவேட்டில் எழுதியதைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த அறையிலிருந்து எழுந்து போயிருக்க முடியாது. ஐக்கியத்தில் ஆர்வம் குறைவு என்று எழுதினேன், இரண்டு வருடம் எழுதினேன், அதனால்தான் மாதர் சங்கமும் வரவில்லை என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரிதானே சார். நான் டீக்கு நின்னதே இல்லியே."

ஆறாவது வாரம் மாவுக்கட்டைப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்களாம். படியிறங்க ஆள் இல்லாததால் போகவில்லை. மறுநாள் காலை டயர் கடைக்காரர்கள் இருவரும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். மூவரில் முதலில் மூச்சு வாங்கியது எனக்கு.

"லைப்ரரி சார், புஸ்தகமா நெனச்சுக்குங்க," என்றார் கடைக்காரர்.

"புஸ்தகம்னா இவரு படிச்சுட்டு அலமாரியில வெச்சுடுவாரு," என்றார் அக்கா நாற்காலியிலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. எனக்குத்தான் தைத்தது.

மருத்துவமனையில் எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் மாவுக்கட்டை நாள் கடந்தும் பிரிக்காததாலும் பயிற்சி இல்லாததாலும் மூட்டு இறுகிவிட்டது, முன்போல மடங்க நாளாகும், முழுவதும் மடங்குமா என்று சொல்ல முடியாது. மருத்துவர் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா இவ்வளவு லேட்? கூட யாரும் இல்லையா?"

"ஏன் இல்ல? இருக்காங்க டாக்டர். சபையே இருக்கு," என்றார் அக்கா.

நான் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சபையில் சொல்லப் போகிறேன் என்றேன். எனக்கே அழகாகத் தோன்றிய சில வாக்கியங்கள் அதற்குள் மனதில் திரண்டிருந்தன. அவர் பதறிவிட்டார்.

"வேணாம் சார். சொன்னா எல்லாரும் அழுவாங்க. ஒரு வாரம் வரிசையா வருவாங்க, பழம் வாங்கிட்டு வருவாங்க. எனக்கு எதுக்கு அவ்வளவு பழம்? அதுக்குப் பதிலா அந்தப் பையை எடுத்துக்கிட்டு தையல்காரர் வீட்டுக்குப் போங்க."

பையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், இரண்டு துண்டு, நகவெட்டி பெரிதும் சிறிதுமாக, ஒரு எண்ணெய்க் குப்பி, சோப்பு, பெயரும் தெருவும் குறித்துக்கொள்ளும் துண்டுக் காகிதங்களும் ஒரு பென்சிலும். பத்து நிமிடம் சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டும், நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும் என்று சொல்லி அனுப்பினார். தையல்காரரின் காலைக் கையில் எடுத்தபோது முதலில் எனக்கு வந்தது அருவருப்பு. அன்பு பற்றி நான் படித்த எதிலும் இதற்கு ஒரு வரி இல்லை. இருந்து நான் புரட்டிவிட்டிருக்கலாம். நகங்கள் மஞ்சளாகக் கொம்புபோல் தடித்திருந்தன. இரண்டாவது விரலில் சதையை வெட்டிவிட்டேன்.

"ஐயோ! அளவெடுக்காமலே வெட்டறீங்களே சார்!" என்று கத்தினார் தையல்காரர். பிறகு காலை இழுத்துக்கொள்ளாமல், "சரி, அடுத்த விரல்," என்றார்.

சபையில் அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி. ஆனால் வாசிக்கும் முறையை மாற்றினேன். ஒரு பெயரும் தெருவும் வாசிப்பேன், அப்புறம் நிறுத்துவேன். யாராவது போகிறேன் என்று சொல்ல நேரம் விட்டுத்தான் அடுத்த பெயர். போதகருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "சார், இது ஆராதனை, ஏலம் இல்ல," என்றார். மூன்று வாரம் பார்ப்போம் என்றேன். முதல் வாரம் மூன்று பேருக்கு ஆள் கிடைத்தது. அவர்களைத் தவிர, மாதர் சங்கத் தலைவி ஒன்பதாவது பெயரை எடுத்துக்கொண்டார். உறுப்பினரா என்று அவர் கேட்கவில்லை. விட்டுப்போன ஐந்து பெயரையும் நானும் என் மனைவியும் பங்கிட்டுக்கொண்டோம். "நீங்க வாசிச்சதுக்கு நான் எதுக்குப் போகணும்?" என்றபடியேதான் அவள் செருப்பை மாட்டினாள்.

பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை. விசாரணைக் குறிப்புகளில் யார் எழுதினார் என்று போடுவது வழக்கமில்லை. அதன் கீழே என் பெயரை எழுதினேன். அதற்கும் கீழே, அந்த ஆண்டே அவரைச் சேர்க்கப் பரிந்துரை.

மூன்றாவது வாரம் அக்கா ஊன்றுகோலோடும், நான் திருப்பிக் கொடுத்திருந்த பையோடும் வந்தார். அதே கடைசி வரிசை. அன்று ஐந்தாவது பெயர் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவருடையது. ஆறாத கால்புண், வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டும் சுபாவம். முந்தைய வாரம் போனது நான்தான், நானும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பெயரை வாசித்து நிறுத்தினேன். மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். நான் காகிதத்தைப் பார்த்தபடி நின்றேன். இந்த ஒருமுறை வேறு யாராவது, என்று எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பென்சிலும் துண்டுக் காகிதமும் எடுக்கிறார் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் திரும்பினார்கள். ஊன்றுகோல் வரிசையின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தது எல்லார் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

"நான் போறேன்," என்றார் பாடகர் குழுவில் ஒருவர். அதே நேரத்தில் இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொருவர். நானும்.

அந்த மூன்று குரலும் அன்பினால் எழுந்தன என்று சொல்ல மாட்டேன். வெட்கத்தினால் எழுந்தவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி முன்பு என்னால் நாற்பது நிமிடம் பேசியிருக்க முடியும். ஓட்டுநரின் புண்ணுக்குக் கட்டுமாற்ற யாராவது போனால் போதும்.

ஜிப் மூடும் சத்தம் கேட்டது. அடுத்த பெயரை வாசித்தேன்.

அன்று அவர் போக எந்த வீடும் மிச்சம் இல்லை. ஊன்றுகோலை ஊன்றி மெதுவாகப் பின்கூடத்துக்கு வந்தார். யாரோ நாற்காலி போட்டார்கள். நான் ஒரு கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இந்த டீக்காகவா இத்தனை வருஷமா எல்லாரும் நிக்கிறீங்க?"